தலைவாஸ் தற்காப்பை வகுத்தவர்கள்

தமிழ் தலைவாஸ் கபடி அணி 2017இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்தது. அப்போதிருந்து 2025 வரை ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள் அந்த அணியை நடத்தியிருக்கிறார்கள்: காசிநாதன் பாஸ்கரன், எடச்சேரி பாஸ்கரன், ஜெ. உதயகுமார், ஆஷன் குமார், சஞ்சீவ் பலியான். இவர்களில் உதயகுமார் இரண்டு முறை பொறுப்பேற்றவர். தலைவாஸ் இன்றுவரை கோப்பை வென்றதில்லை. அதனால் இவர்களில் சிறந்தவர் யார் என்ற பேச்சு கோப்பைகளை எண்ணுவதோடு முடிந்துவிடாமல், யாருடைய காலத்தில் அணி எப்படிப் பிடித்தது என்பதற்குப் போய்விடுகிறது. பேச்சு அங்கே போவதுதான் சரி. முதல் நான்கு தொடர்களில் ஒரு முறைகூட மேலே வராத அந்த அணிக்கு ஒரு முகம் கிடைத்தது ரைடர்களால் அல்ல, பின்வரிசையால்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தற்காப்புக்கென்றே ஒரு பயிற்சியாளர் இருப்பார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பட் ஃபாஸ்டர் என்பவர் 1990களின் நடுவிலிருந்து 2019 வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். கால் நூற்றாண்டு ஒரே கையில் இருந்த தற்காப்பை எடைபோடுவது எளிது. கபடியில் அப்படித் தனிப் பதவி கிடையாது. தலைமைப் பயிற்சியாளரே ரைடையும் பார்க்க வேண்டும், பிடியையும் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் தலைவாஸ் போன்ற அணியில், ஒருவர் தொடங்கிய வேலையை இன்னொருவர் முடிக்கிறார். பெயர் யாருக்குப் போக வேண்டும் என்ற சிக்கல் அங்கேதான் முளைக்கிறது.

இதைப் பேசுவதற்கு முன் தற்காப்பு என்பது களத்தில் என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஆளுக்கு ஆறரை மீட்டர் நீளமுள்ள பாதிக்குள் ஏழு பேர் நிற்கிறார்கள்: இரு முனையிலும் இரண்டு கார்னர், அவர்களை ஒட்டி இரண்டு இன், அதற்கடுத்து இரண்டு கவர், நடுவில் ஒருவர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். ரைடர் அதைத் தாண்டினால்தான் அவர் பாடிய பாட்டு செல்லும். அதிலிருந்து இன்னொரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. களத்தில் ஆறு பேராவது நிற்கும்போது, ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி இன்னொரு காலை அந்தரத்தில் வைத்தால் ரைடருக்கு ஒரு புள்ளி. ஒரு ரைடுக்கு 30 வினாடி.

பெரும்பாலான பிடிகள் அந்தப் போனஸ் கோட்டருகில்தான் பிறக்கின்றன. ரைடர் வலது பக்கம் பாவலா காட்டி இடது காலை நீட்டுகிறார். கார்னர் குனிந்து, தலையை ரைடரின் முழங்காலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கணுக்காலைக் கவ்வுகிறார். அந்தப் பிடி மட்டும் போதாது. போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர்தான். உயரமான ரைடர் விழுந்து கையை நீட்டினாலே அதில் பாதி போய்விடும். கார்னருக்குக் கிடைத்திருப்பது ஒரு வினாடித் தாமதம். அந்த ஒரு வினாடிக்குள் கவர் வந்து இடுப்பிலோ தொடையிலோ மோதி, ரைடரின் முகத்தை நடுக்கோட்டிலிருந்து திருப்ப வேண்டும். கவர் தாமதித்தால் கார்னர் அவுட். கவரோடு இன்னும் இருவர் பதற்றத்தில் பாய்ந்து, ரைடர் தப்பிவிட்டால், தொட்ட நால்வருமே வெளியே போக வேண்டும். ஆகவே பிடிக்கச் சொல்லித் தருவதைவிட, யார் பாயக் கூடாது என்று சொல்லித் தருவதே பயிற்சியாளரின் கடினமான வேலை.

ஊர்க் கபடி பழகியவர்களுக்கு இது புதிதல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்கள் தொடங்கித் தென்கோடி வரை, பொங்கலையொட்டியும் திருவிழாக்களையொட்டியும் நடக்கும் இரவுப் போட்டிகளில் மண் தரையிலேயே இந்தப் பாடம் படிந்துவிடுகிறது. மண்ணுக்கும், லீக் ஆட்டங்களில் விரிக்கப்படும் செயற்கை விரிப்பான மேட்டுக்கும் வித்தியாசம் உண்டு. மண்ணில் வெறுங்கால் சறுக்கும்; ரைடரால் சட்டென்று திரும்ப முடியாது; தொடையைப் பிடித்துத் தூக்கினால் வேலை முடிந்துவிடும். மேட்டில் காலணியோடு ஆடுகிறார்கள், தரை காலைப் பற்றிக்கொள்கிறது, ரைடரின் வேகம் கூடிவிடுகிறது. அங்கே வலிமைக்கு முன்னால் நேரக் கணக்கு வந்து நிற்கிறது. ஊர் அணிகளில் உடல்பலத்தால் பெயரெடுத்த பலர் மேட்டுக்கு வந்ததும் திணறுவதற்கு இதுதான் காரணம்.

தற்காப்பை எண்களால் அளப்பதிலும் பள்ளங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் காட்டப்படும் டேக்கிள் புள்ளிப் பட்டியல் தனி ஆளுக்கு உரியது. பிடியைத் தொடங்கியவர் பெயரில் புள்ளி ஏறும். அதை முடித்துக் கொடுத்த கவர் பெயர் அதில் இருக்காது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது ரைடரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அடிக்கடி ஆள் குறைந்து தவிக்கும் அணிக்கே சூப்பர் டேக்கிள் வாய்ப்பு அதிகம் வரும் என்பதால், மோசமான அணியின் கார்னர் பட்டியலில் மேலே வந்துவிட முடியும். இன்னொரு பக்கம், ரைடரைத் தொடவே விடாமல் 30 வினாடி முழுக்கத் தள்ளியே நிற்க வைத்து வெறுங்கையோடு அனுப்பும் தற்காப்புக்குப் புள்ளி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை. அதில் புள்ளி எடுக்காத ரைடர் அவுட். பொறுமையான தற்காப்பின் பலன் மூன்றாவது ரைடில்தான் கைக்கு வரும். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், புள்ளிப் பட்டியல் ஒரு சாட்சி மட்டுமே. அணி எந்த வயது ஆட்களை வைத்து ஆடியது, அவர்கள் அடுத்த தொடரில் என்ன ஆனார்கள், ரைடர்கள் ஓய்ந்த நாளில் ஆட்டம் கையைவிட்டுப் போனதா என்பவையும் சாட்சிகளே.

முதல் பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன். 2014இல் நடந்த முதல் புரோ கபடித் தொடரில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸைக் கோப்பை வெல்ல வைத்தவர் அவர். 2017இல் லீக் எட்டு அணியிலிருந்து பன்னிரண்டாக விரிந்தபோது தலைவாஸும் நுழைந்தது. அஜய் தாக்கூரை மையமாக வைத்து அணி கட்டப்பட்டது. தாக்கூர் அந்தத் தொடரில் 222 ரைடு புள்ளி எடுத்தார். அணியோ 22 ஆட்டத்தில் 6 வெற்றி, 14 தோல்வி, 2 சமநிலை என்று தன் பிரிவில் கடைசியில் நின்றது. வலது கார்னரில் அமித் ஹூடா திறமையான பிடிகாரர். ஆனால் அவருக்குத் துணை நிற்கும் கவர் வரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் கலைக்கப்பட்டது. புதிய அணி என்பதால் இதைப் பயிற்சியாளரின் குறையாக மட்டும் எழுதிவிட முடியாது. ஒரே தொடரில் ஒரு தற்காப்பு வரிசை இறுகுவது அரிது. காசிநாதன் பாஸ்கரனுக்குக் கிடைத்தது ஒரே தொடர்தான்.

அடுத்து வந்த எடச்சேரி பாஸ்கரன் மீது எதிர்பார்ப்பு மிகப் பெரிது. புரோ கபடியின் தொடக்க ஆண்டுகளில் தற்காப்பு என்றால் யூ மும்பா என்ற பெயரை உண்டாக்கியவர் அவர். 2014இல் இறுதிக்கு வந்து, 2015இல் பெங்களூரு புல்ஸை 36-30 என்று வென்று, 2016இல் மீண்டும் இறுதிவரை சென்ற அணி அது. மோஹித் சில்லர், சுரேந்தர் நாடா இருவரும் கார்னர். ஜீவா குமார், விஷால் மானே இருவரும் கவர். நான்கு பேரும் சேர்ந்து நகர்ந்த விதத்தை இன்றும் பயிற்சி முகாம்களில் எடுத்துக்காட்டலாம். ஜீவா குமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் இங்கே அந்த வரிசைக்குத் தனி ஈர்ப்பும் உண்டு.

அதே மனிதர் சென்னைக்கு வந்தபோது அது நடக்கவில்லை. 2018இல் தலைவாஸ் மன்ஜீத் சில்லரை எடுத்தது. லீக் வரலாற்றில் மிக அதிக டேக்கிள் புள்ளி எடுத்தவராகப் பல ஆண்டுகள் இருந்தவர் மன்ஜீத். 2022இல்தான் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி அவரைத் தாண்டினார். தாக்கூர், ஜஸ்வீர் சிங், மன்ஜீத், ஹூடா என்று பெயர்ப் பலகை பளபளத்தது. ஐந்து வெற்றி, 13 தோல்வி, 4 சமநிலை. மறுபடியும் பிரிவில் கடைசி. 2019இல் ராகுல் சௌத்ரியும் மோஹித் சில்லரும் வந்து சேர்ந்தார்கள். தொடர் நடுவிலேயே எடச்சேரி பாஸ்கரன் விலகினார், ஜெ. உதயகுமார் பொறுப்பேற்றார். 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமநிலையோடு பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம்.

இந்த இரண்டு ஆண்டுத் தோல்வியை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த மாற்றத்தின் விதை அதில் இருக்கிறது. மும்பையில் எடச்சேரி பாஸ்கரனுக்குக் கிடைத்தவர்கள் ஏறுமுகத்தில் இருந்த ஆட்கள். சென்னையில் கிடைத்தவர்கள் சிகரத்தைத் தொட்டுவிட்டவர்கள். பெரிய பெயர் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிடி முறையைக் கொண்டுவந்தது. மன்ஜீத் முன்னால் பாய்ந்து பிடிப்பவர். அவர் எப்போது கிளம்புவார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய இரண்டு மூன்று தொடர்கள் ஒன்றாக ஆட வேண்டும். ஆண்டுதோறும் ஏலத்தில் ஆள் மாறினால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருது வாழ்நாள் பிரிவில் எடச்சேரி பாஸ்கரனுக்குக் கிடைத்தது. அவருடைய ஞானத்தில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் தலைவாஸ் என்ற ஒரே அணியின் கணக்கில் அவருக்கு முன்னிடம் தர வழியில்லை.

உதயகுமாரின் முழுமையான முதல் தொடர் லீக்கின் எட்டாவது தொடர். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய், 2021 டிசம்பர் 22இல் பெங்களூரில் தொடங்கியது. எல்லா ஆட்டங்களும் ஒரே வளாகத்தில், பார்வையாளர் இல்லாமல். தெலுங்கு டைட்டன்ஸைத் தொடக்க ஆண்டுகளில் பயிற்றுவித்த அனுபவம் உதயகுமாருக்கு உண்டு. ஏலத்துக்குப் பிறகு அணியைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். தாக்கூர் இல்லை, சௌத்ரி இல்லை, மன்ஜீத் சில்லர் இல்லை. கேப்டன் ஒரு கவர்: சுர்ஜீத் சிங். வலது கார்னரில் சாகர் ராத்தி, இடது கார்னரில் சாஹில் குலியா, இடது கவரில் தமிழ்நாட்டின் எம். அபிஷேக். ரைடில் இன்னொரு மன்ஜீத், அஜிங்கிய பவார், கே. பிரபஞ்சன் இருந்தார்கள், லீக்கை மிரட்டும் பெயர் அவர்களில் எதுவும் இல்லை.

அந்தத் தொடரில் சாகர் 82 டேக்கிள் புள்ளி எடுத்தார். பாட்னாவின் ஈரானிய ஆட்டக்காரர் முகமதுரேசா ஷாத்லூயி எடுத்த 89க்கு அடுத்த இடம். சாகர் அதற்கு முன் அறிமுக நிலையில் இருந்த இளைஞர். கார்னரில் நிற்கும் ஓர் இளைஞருக்கு எப்போதும் வரும் நோய் அவசரம்: ரைடர் போனஸுக்கு வருமுன்னே பாய்ந்து, வெறுங்காற்றைப் பிடித்து, அவுட்டாகிப் போவது. சுர்ஜீத் பக்கத்து கவரில் இருந்தது அந்த நோய்க்கு மருந்தாயிற்று. சுர்ஜீத் பிளாக்கில் கைதேர்ந்தவர். ரைடர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் வழியில் குறுக்கே நிற்பார். அவர் வழியை அடைப்பார் என்று தெரிந்ததால் சாகர் கடைசிக் கணம்வரை காத்திருக்க முடிந்தது. சாகர் காலைப் பிடிப்பார் என்று தெரிந்ததால் சுர்ஜீத் முன்கூட்டியே நகர முடிந்தது. வலது பக்கத்தில் இப்படி ஓர் இணை உருவானது தலைவாஸ் வரலாற்றில் முதல் முறை.

ஆனாலும் அணி பதினோராம் இடத்தில் முடித்தது. 5 வெற்றி, 11 தோல்வி, 6 சமநிலை. உதயகுமாரை மறுப்பவர்கள் நீட்டும் முதல் காகிதம் இதுதான். அந்தக் காகிதத்தில் பதினொன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறையும் படிக்க வேண்டும். 22 ஆட்டத்தில் ஆறு சமநிலை என்றால், எதிரணி முந்திக்கொண்டு போகாமல் கட்டி வைத்த தற்காப்பு ஒன்று இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக எடுக்கும் ரைடர் இல்லை. சமநிலைக்கு அப்போது இரு அணிக்கும் மும்மூன்று புள்ளி, வெற்றிக்கு ஐந்து. வெற்றியாக மாறியிருக்கக்கூடிய ஒவ்வொரு சமநிலையிலும் அணி இரண்டு புள்ளியை இழந்தது. 2025இல் லீக் ஆட்டங்களிலும் டை-பிரேக்கர் வந்துவிட்டதால் இனி ஓர் அணிக்கு இப்படி ஒரு கணக்கே அமையாது.

ஒன்பதாவது தொடர் 2022 அக்டோபரில் தொடங்கியபோது தலைவாஸ் பாதை மாறியது போலத் தோன்றியது. ஏலத்தில் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை யாருக்கும் தரப்படாத தொகை. சுர்ஜீத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போய்விட்டார். முதல் ஆட்டத்திலேயே, குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிராக, பவன் முழங்காலில் அடிபட்டுத் தொடர் முழுவதும் விலக நேர்ந்தது. அந்த ஆட்டமும் 31-31 என்று சமநிலைதான். தொடக்க ஆட்டங்கள் சரியாக அமையாத நிலையில் உதயகுமார் இடத்துக்கு ஆஷன் குமார் வந்தார். 2021ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருதை வாழ்நாள் பிரிவில் பெற்றவர் அவர்.

ஆஷன் குமார் செய்தவற்றில் முதன்மையானது அவர் செய்யாமல் விட்டதுதான். வரிசையைக் கலைக்கவில்லை. சாகர், சாஹில், அபிஷேக் மூவரும் தங்கள் இடத்திலேயே நின்றார்கள். கேப்டன் பொறுப்பு சாகருக்குப் போயிற்று. சுர்ஜீத் விட்டுச்சென்ற கவர் இடத்தில் மோஹித் என்ற இளைஞர் நிலைத்தார். பவன் இல்லாத ரைடு வரிசையில் புதுமுகம் நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தார். அறிமுகத் தொடரில் வேறு யாரும் அதுவரை தொடாத எண். 10 வெற்றி, 8 தோல்வி, 4 சமநிலையோடு ஐந்தாம் இடம். தலைவாஸ் முதல் முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. மும்பையில் நடந்த எலிமினேட்டரில் யூபி யோத்தாஸோடு 36-36 என்று முடிந்து, டை-பிரேக்கரில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டு புள்ளி. ஒரு சூப்பர் டேக்கிள் கிடைத்திருந்தால் சமன் செய்திருக்கக்கூடிய தூரம் அது.

ஆஷன் குமாருக்கு முதலிடம் என்று வாதிடுவோரின் கை இங்கே ஓங்குகிறது. அணியின் ஒரே அரையிறுதி அவருடையது. இளம் தற்காப்பு ஒன்றை அழுத்தமான ஆட்டங்களில் கலையாமல் நிறுத்தியவர் அவர். பவன் போன பிறகு ஓர் அணி எளிதாகச் சரிந்திருக்கும். சரியவிடாமல் தாங்கியது பின்வரிசை. எதிர்வாதமும் வலுவானது: அந்த வரிசையின் எலும்புக்கூடு முந்தின தொடரிலேயே கட்டப்பட்டுவிட்டது. வித்தியாசம் நரேந்தரின் 243. பின்வரிசை பிடித்துக் கொடுத்த முன்னிலையைப் புள்ளியாக மாற்றும் ஆள் கிடைத்ததும் சமநிலைகள் வெற்றியாயின.

இரண்டு வாதத்துக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லப் பத்தாவது தொடர் உதவுகிறது. 2023 டிசம்பர் தொடங்கி 2024 மார்ச் வரை நடந்த அந்தத் தொடரில் ஆஷன் குமார் முதல் நாளிலிருந்தே பொறுப்பில் இருந்தார். சாகர் கேப்டன், சாஹிலும் அஜிங்கிய பவாரும் துணைக் கேப்டன்கள். நரேந்தரும் இருந்தார். 9 வெற்றி, 13 தோல்வி, ஒன்பதாம் இடம். ஒரு சமநிலைகூட இல்லை. அணி வென்றால் நன்றாக வென்றது, சரிந்தால் முழுதாகச் சரிந்தது. இடது கார்னரில் சாஹில் முன்பைவிடத் துணிந்து பாய்ந்தார். கைகூடிய நாளில் அது ஆட்டத்தையே திருப்பியது, கைகூடாத நாளில் ஆல் அவுட்டுக்கு வழி திறந்தது. முந்தைய இரண்டு தொடர்களில் இருந்த பொறுமை இங்கே தேய்ந்திருந்தது என்றுதான் படுகிறது. எதிரணிகள் சாகரின் பக்கத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம். ஒரு கார்னர் மூன்று தொடர் பெயரெடுத்துவிட்டால் ரைடர்கள் அவர் கைக்கு எட்டாத இடத்திலேயே பாடிவிட்டுத் திரும்புவார்கள். அப்போது மறுபக்கமும் நடுவும் வேலை செய்ய வேண்டும். அதற்கான மாற்று ஏற்பாட்டை அந்தத் தொடரில் காண முடியவில்லை.

2024இல் உதயகுமார் திரும்பி வந்தார். இந்த முறை கூடவே தர்மராஜ் சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைவாஸ் வரலாற்றில் தற்காப்புப் பயிற்சியாளர் என்ற அமெரிக்கப் பதவிக்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இதுதான். சேரலாதனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர், 1975இல் பிறந்தவர், வலது கார்னர். புரோ கபடி தொடங்கியபோதே அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. மற்றவர்கள் ஓய்வு பெறும் அந்த வயதில்தான் நாடு அவரைப் பார்த்தது. 2016 ஜூலை 31இல் பாட்னா பைரேட்ஸின் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். இறுதியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 22இல் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை எடுத்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். அணி எதுவானாலும் எல்லோரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் அழைத்தார்கள். தன்னில் பாதி வயது ரைடர்களை வேகத்தால் வெல்ல முடியாது என்று தெரிந்து, அவர்களின் காலடி எண்ணிக்கையைப் படித்து, கணுக்காலுக்கு மட்டும் காத்திருந்து பிடித்தவர். பின்வரிசைக்குப் பொறுமை கற்பிக்க அவரைவிடத் தகுந்த ஆள் தமிழ்நாட்டில் இல்லை.

அந்தத் தொடரில் தலைவாஸ் எடுத்த முக்கியமான பிடிகாரர் நிதேஷ் குமார். 2018இல் யூபி யோத்தா அணிக்காக ஒரே தொடரில் 100 டேக்கிள் புள்ளி எடுத்தவர். அந்த எண்ணை அதற்கு முன் யாரும் எட்டியதில்லை. நிதேஷ் 2024லும் லீக்கின் முன்னணிப் பிடிகாரர்களில் ஒருவராக இருந்தார். ஈரானின் அமீர்ஹுசைன் பஸ்தாமியும் வரிசையில் இருந்தார். ரைடில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. முடிவு: 8 வெற்றி, 13 தோல்வி, 1 சமநிலை, மறுபடி ஒன்பதாம் இடம். தனி ஆளாக நிதேஷ் மின்னினார். ஆனால் 2021இல் சாகருக்குச் சுர்ஜீத் இருந்ததைப் போல, அவர் பிடியை முடித்துக் கொடுக்கும் நிலையான இணை தொடர் முழுக்க அமையவில்லை. உதயகுமாரின் பெயருக்கு எதிராக வைக்க வேண்டிய உண்மையான சாட்சி இந்தத் தொடர்தான். 2021இன் பதினோராம் இடம் அல்ல. ஒருமுறை கட்டியதை அவரால் மறுமுறை கட்ட முடியவில்லை.

2025இல் சஞ்சீவ் பலியான் தலைமைப் பயிற்சியாளரானார். 2022இல் ஜெய்ப்பூரைக் கோப்பை வெல்ல வைத்தவர் அவர். அந்தத் தொடரில் தலைவாஸை அரையிறுதியில் வீழ்த்திய புனேரி பல்தானை இறுதியில் 33-29 என்று வென்றது அவருடைய அணிதான். குறைந்த புள்ளியில் முடிந்த அந்த இறுதியே அவருடைய தற்காப்பின் நற்சான்று. தலைவாஸில் ஒரு தொடரை மட்டும் வைத்து அவரை இந்தப் பட்டியலில் ஏற்றுவதும் இறக்குவதும் காசிநாதன் பாஸ்கரனுக்குச் செய்ய மறுத்த அநீதியை இவருக்குச் செய்வதாகும்.

ஆக, போட்டி உதயகுமாருக்கும் ஆஷன் குமாருக்கும்தான். வெற்றியை அளவுகோலாக வைத்தால் ஆஷன் குமாரின் 2022ஐ மறுக்க முடியாது. தற்காப்பை மட்டும் தனியே பிரித்து எடைபோட்டால் தராசு உதயகுமாரின் 2021 பக்கம் சாய்கிறது. காரணங்கள் மூன்று. பெரிய ரைடர் இல்லாத அணியை ஏறக்குறைய முழுக்கப் பின்வரிசையின் பலத்தில் ஆட வைத்தது அந்தத் தொடர் மட்டுமே. மற்ற தொடர்களில் தாக்கூர், நரேந்தர் போன்ற ரைடர்கள் சுமையைப் பகிர்ந்திருக்கிறார்கள். இரண்டாவது, அந்தத் தொடரில் நிறுத்தப்பட்ட சாகர், சாஹில், அபிஷேக் மூவரும் அடுத்து வந்த பயிற்சியாளரிடமும் அதே இடங்களில் ஆடினார்கள். தனக்குப் பின்னும் நிற்கும் வரிசையைத் தலைவாஸில் வேறு எந்தப் பயிற்சியாளரும் விட்டுச் செல்லவில்லை. மூன்றாவது, 2018லும் 2019லும் விலை உயர்ந்த, வயது முதிர்ந்த பெயர்களை அடுக்கித் தோற்ற நிர்வாகத்துக்கு, இளம் கார்னர்களை வளர்த்தால் அணி எழும் என்று களத்தில் காட்டியது அந்த வரிசைதான்.

இதற்கு ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. இளம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நிர்வாகமும் தேர்வுக் குழுவும்; பயிற்சியாளர் கிடைத்ததை வைத்து ஆடினார் என்று சொல்லலாம். இது பாதி உண்மை. ஆனால் ஏலத்தில் யாரை எடுப்பது என்பது வேறு, எடுத்தவரை 22 ஆட்டத்துக்கும் ஒரே இடத்தில் நிறுத்துவது வேறு. சாகர் தொடர்ந்து இரண்டு ஆட்டத்தில் முன்கூட்டிப் பாய்ந்து அவுட்டானாலும் மூன்றாவது ஆட்டத்தில் அவரை வலது கார்னரிலேயே விடும் முடிவைப் பயிற்சியாளர்தான் எடுக்க வேண்டும். பெஞ்சில் அனுபவசாலிகள் காத்திருக்கும்போது அப்படி முடிவெடுப்பது எளிதல்ல. அணி பதினோராம் இடத்தில் இருக்கும்போது இன்னும் கடினம். உதயகுமார் அதைச் செய்தார். ஆஷன் குமார் வந்ததும் அதைத் தொடர்ந்தார். முன்னவருக்கு முதலிடமும், 2022ஐ முன்னிட்டு மிக நெருக்கமான இரண்டாமிடம் பின்னவருக்கும் தருவது நியாயம். எடச்சேரி பாஸ்கரன் யூ மும்பாவில் செய்ததைத் தலைவாஸில் செய்ய இரண்டு ஆண்டுக்கு மேல் கிடைத்திருந்தால் இந்த வரிசை மாறியிருக்கக்கூடும். தலைவாஸில் சேரலாதனின் பயிற்சிப் பணி 2024இல்தான் தொடங்கியது என்பதால் அவரைப் பற்றிய கணக்கு தனியே திறந்திருக்கிறது.